வழக்கு மரங்கள்

பெண்ணுக்குப் பொட்டு வைத்தால் மங்கலம். தென்னைக்குப் பொட்டு வைத்தால் வெட்டு. கரட்டுப்புதூரில் இப்படியொரு சொலவடை புதிதாய்ப் பிறந்திருந்தது. பிறந்த புதிதில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுபோய்ச் சொல் மட்டும் தங்கிவிட்டது.

பொட்டு வைப்பது மோப்பான். மரநல ஆணையம் அதற்கு நீண்டதொரு பெயரைச் சூட்டியிருந்தது. ஊர் அப்பெயரை ஒருநாளும் வாயில் ஏற்றியதில்லை. பருந்தளவே இருக்கும் அப்பறக்கும் கருவி தென்னங்கொண்டைக்கு மேலே வந்து சற்று நிற்கும். மரம் விடும் மூச்சை முகரும். வேர்வாடல் நோய் உள்ளது என்று அதன் மூக்கு சொன்னால், மரத்தின் நெஞ்சில் சிவப்புச் சாயத்தைப் பீய்ச்சிவிட்டு அடுத்த மரத்துக்குப் போகும். ஓலை வாடுவதற்கு முன்பே, காய் சிறுப்பதற்கு முன்பே, மனிதக் கண் அறிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோயைக் காட்டிக்கொடுக்கும் கருவி என்று அதற்கு விழா எடுத்தார்கள். பொட்டு விழுந்த மரத்தை வேரோடு பெயர்த்துக் கொளுத்தவேண்டும் என்று சட்டமும் வந்தது. ஆனைமலை அடிவாரத்தில் அவ்வாண்டு எழுந்த புகை, மழைக்காலம் வரும்வரை கலையவில்லை.

அது நடந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன.

அன்று காலை சிந்துஜா தன் தோப்பில் நின்று, வெட்டாமல் விடப்பட்ட மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதைத் தொட்ட பெண். தகப்பனுக்கு ஒரே மகள் என்பதால் தோப்புக்கு உரியவள். அம்மரங்கள் யாவும் மோப்பானால் நற்சான்று பெற்றவை. 'தூய மரம்' என்று பித்தளைத் தகடு அறைந்து கொடுத்திருந்தார்கள். அத்தகடுகளுக்கு மேலே இப்போது ஓலைகள், தின்றெறிந்த மீனின் முள்ளைப்போல் உள்வளைந்து தொங்கின. பாளை வெடித்தால் குரும்பை தங்குவதில்லை. தங்கிய குரும்பையும் தேரையாய்ச் சொத்தையாகிப் போயிற்று. குலைக்கு ஒன்றிரண்டு காய் தேறினாலும், உடைத்தால் உள்ளே பருப்பு என்று சொல்லத்தக்கதாய் ஒன்றுமில்லை. காயவைத்தால் கொப்பரையாகாமல் செருப்புத் தோலைப்போல் வளைந்துகொடுத்தது. செக்குக்காரர் சென்ற மாதம் மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதை ஆட்டுனா எண்ணெய் எறங்காதுங்க அம்மிணி, செக்குத்தான் தேயும்" என்று திருப்பியனுப்பினார்.

வேர்வாடல் அவசரப்படும் நோயன்று. உட்கார்ந்து தின்னும் நோய். ஆனால் நோயில்லை என்று தகடு அறைந்த மரத்தில் அது எங்கிருந்து வந்து உட்கார்ந்தது? இக்கேள்வியைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஆணையம் ஒரே விடையைச் சொல்லிற்று: "நீங்கள் போதிய அளவு வெட்டவில்லை."

சிந்துஜாவுக்கு அவ்விடையை நினைத்தால் பல் நறநறக்கும். வெட்டவில்லையா? அவள் தோப்பில் பாதிக்கு மேல் பொட்டு விழுந்தது. குலை தள்ளிக் காய் தொங்கிய மரங்கள் அவை. அவள் கணவன் சபரிநாதன் அன்று மரம் வெட்ட வந்த இயந்திரத்தின் முன்னே போய் நின்று, "காய்க்கற மரத்தை வெட்டறீங்களேடா, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று தொண்டை கிழியக் கத்தினான். மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். காவலர் இழுத்துப் போயினர். காவல் நிலைய வாசலில் அவனை மீட்டு வரும்போது, "இனி வாயைத் திறந்தீங்கன்னா நான் கெணத்துல உழுந்துருவேன்" என்று சொன்னவள் சிந்துஜாதான். அவன் அதன்பின் வாயைத் திறக்கவில்லை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக் கிடங்குக்குக் காவல் இருக்கிறான். ஞாயிறன்று வருவான், சாப்பிடுவான், தோப்புப் பக்கம் திரும்பாமல் பேருந்து ஏறுவான்.

அவள் பார்க்காத மரங்களும் அங்கே இருந்தன.

அவளது தோப்புக்கும், அவளுடைய பெரியப்பா மகன் ஜெகதீசனின் தோப்புக்கும் இடையே ஒரு வரப்பு. வரப்பின்மேல் ஒன்பது தென்னைகள். இவர்களின் அப்பன்மாரான அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்தபோது வரப்பு எவர் பங்கு என்பதில் பிணக்கு வந்தது, அளவுக்கல் வெள்ளத்தில் போய்விட்டிருந்தது, வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு முடியும்வரை உள்ளது உள்ளபடியே இருக்கவேண்டும், எவரும் வெட்டவோ ஏறவோ காய் பொறுக்கவோ கூடாது என்று நீதிமன்றம் சொல்லிற்று. அப்பன்மார் இருவரும் மாண்டனர். நிலத்தைச் சரியாகப் பிரிக்கத் தெரியாத அவர்கள் பகையை மட்டும் பிசகில்லாமல் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தனர். இருபது ஆண்டுகளாய்ச் சிந்துஜாவும் ஜெகதீசனும் முகம் பார்த்ததில்லை. கண்ணில் பட்டால் வயிறெரியும் என்று வரப்புப் பக்கம் தலைதூக்குவதையே இருவரும் விட்டிருந்தனர்.

மோப்பான் அவ்வொன்பதுக்கும் முதலாண்டிலேயே பொட்டு வைத்தது. ஆண்டுதோறும் வந்து பழைய பொட்டின்மேல் புதுப்பொட்டு வைத்தது. நீதிமன்ற உத்தரவு இருந்ததால் ஆணையத்தால் கைவைக்க இயலவில்லை. "வழக்குல இருக்கற மரத்துக்கிட்ட எமனே வாய்தா வாங்கிட்டுத்தானுங்க போவான்" என்று தேநீர்க் கடையில் கேலி பேசுவார்கள். அக்கேலிக்கு உள்ளே ஒரு கேள்வி இருந்தது. அதை எவரும் கேட்கவில்லை.

தொலைபேசி ஒலித்தது. ஆணைய அலுவலர் நிஷாந்த்.

"மேடம், நல்ல சேதி. உங்க அண்ணன் ஜெகதீசன் வரப்பை விட்டுக் கொடுக்கிறதா நேத்துச் சொல்லிட்டார். மதியம் பஞ்சாயத்து ஆபீஸ்ல சமரச அமர்வு. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா வழக்கு முடிஞ்சுது, மரம் உங்களுக்கே. பொழுது சாயறதுக்குள்ள வெட்டிடலாம்."

"மரம் எனக்கா?"

"உங்களுக்கேதான்."

"அப்புறம் வெட்டிருவீங்க?"

"பொட்டு மரமாச்சே மேடம். உங்க ஊர்ல கடைசிப் பொட்டு மரம் அதுதான். அது போனாத்தான் ஊருக்கே புதுக் கன்று தர முடியும். எல்லாரும் உங்களைத்தான் நம்பியிருக்காங்க."

வென்றுவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றிற்று. செத்துப்போன அப்பனிடம் ஓடிச் சொல்லவேண்டும்போல் இருந்தது. மரம் போனால் என்ன, வரப்பு நம்முடையது ஆயிற்றே!

அந்த இனிப்பு நாவில் கரைவதற்குள், இட்டேரிப் பாதை வழியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. முக்காடிட்ட நடுவயதுப் பெண் ஒருத்தி இறங்கி வந்தாள்.

"சிந்துஜா அக்கா நீங்கதானே? என் பேர் மெஹருன்னிஸா. பயிர்நோய் ஆராய்ச்சி பண்றவ. ஆணையத்துல இருந்தேன்."

"ஆணையமா? கையெழுத்துக்கு மதியம்தானே வரச் சொன்னாங்க?"

"அதைப் போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

சிந்துஜா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன நாயம் பேசறீங்க? சித்தெ வெளங்கச் சொல்லுங்க."

மெஹருன்னிஸா வாடிய மரம் ஒன்றின் அடியில் நின்று, அதன் பித்தளைத் தகட்டை விரலால் தடவினாள். "மோப்பான் எதை முகருதுன்னு நினைக்கிறீங்க?"

"நோயை."

"அப்படித்தான் நாங்களும் நினைச்சோம். நோய் புகுந்த மரம் ஒரு வாசனை விடும். அதைப் பிடிச்சா நோயைப் பிடிச்ச மாதிரின்னு நினைச்சோம். அது நோயோட வாசனை இல்லக்கா. கிருமி உள்ள வந்ததும் மரம் அதை எதிர்த்துச் சண்டை போடும். சண்டை போடும்போது மரத்துல ஊறுற மருந்தோட வாசனை அது."

"சண்டை போடாத மரம்?"

"வாசனை விடாது. மோப்பான் அதைத் தூய மரம்னு சொல்லிட்டுப் போயிடும்."

சிந்துஜா தகட்டைப் பார்த்தாள். காற்றில் ஓலைகள் உயிரில்லாமல் உரசிக்கொண்டன.

"எட்டு வருசம் முந்தியே எல்லா மரத்துக்குள்ளயும் கிருமி போயாச்சு. எதிர்க்கத் தெரிஞ்ச மரம் சத்தம் போட்டுச்சு. எதிர்க்கத் தெரியாதது சும்மா நின்னுச்சு. நாம சத்தம் போட்டதையெல்லாம் வெட்டினோம். சும்மா நின்னதுலருந்து விதைக்காய் எடுத்து, அதையே கன்றாப் போட்டு, மூணு மாவட்டத்துக்கும் கொடுத்தோம்."

"வெட்டுனோம், குடுத்தோம்னா... யாரும்மா அந்த 'ஓம்'? மோப்பானுக்கு மூக்கு வெச்சது யாரு?"

"எங்க குழுதான்."

சிந்துஜாவின் காலடியில் தேரைக்காய் ஒன்று கிடந்தது. எடுத்தாள், எறிந்தாள். அது மெஹருன்னிஸாவின் காதோரமாகப் பறந்து மரத்தில் மோதி, ஓட்டைப் பானைபோல் ஒலித்து விழுந்தது. மெஹருன்னிஸா விலகவும் இல்லை.

"என்ற ஊட்டுக்காரர் தொண்டத்தண்ணி வத்தக் கத்துனாரே, காய்க்கற மரம்டா, காய்க்கற மரம்டான்னு! அவரைப் போலீசு இழுத்துட்டுப் போச்சே! அப்ப எங்க போயிருந்தீங்க நீங்கெல்லாம்? விழாவுல பொன்னாடை போத்திட்டு நின்னீங்களா?"

"நின்னோம்."

"இப்ப வந்து சொல்றியே, உனக்கு வெக்கமா இல்லை?"

"இருக்கு. வெட்கப்பட்டுட்டு வீட்டுல உட்கார்ந்தா இந்த மரமும் போயிடும். அதனால வந்தேன்." மெஹருன்னிஸாவின் குரலிலும் சூடு ஏறிற்று. "கன்றுகள்ல கிருமியை ஏத்திச் சோதிச்சேன். வாசனை விட்ட கன்று பிழைச்சுது, விடாதது செத்துது. எழுதிக் கொடுத்தேன். 'கன்றுக்குச் சரி, வளர்ந்த மரத்துக்கு இது பொருந்தும்னு எப்படிச் சொல்றீங்க? பொட்டு வெச்ச மரம் எங்கயாவது நல்லா நிக்குதா, காட்டுங்க'ன்னு கேட்டாங்க. எல்லாத்தையும் அவங்களே வெட்டிப்போட்டுட்டு, காட்டுன்னு என்னைக் கேட்டாங்கக்கா! தப்புன்னு ஒத்துக்கிட்டா அத்தனை மரத்துக்கும் யார் பதில் சொல்றது? என்னைத் தூக்கிக் கடற்பாசி ஆராய்ச்சிக்குப் போட்டுட்டாங்க."

"அப்புறம்?"

"வானத்துலருந்து எடுத்த படத்தையெல்லாம் ஒவ்வொண்ணாத் தேடினேன். சிவப்புப் பொட்டோட உயிரா நிக்கிற மரம் மூணு மாவட்டத்துலயும் ஒரே ஒரு வரப்புலதான் இருக்கு. ஏன் நிக்குதுன்னு விசாரிச்சா, வழக்குன்னாங்க. தலையைத் தூக்கிப் பாருங்கக்கா."

சிந்துஜா இருபது ஆண்டுகளுக்குப் பின் வரப்பை நோக்கித் தலையைத் தூக்கினாள்.

கண் கூசிற்று. அடுக்கடுக்காய்ச் சிவப்புச் சாயம் பூசிய ஒன்பது நெஞ்சுகள். அவற்றுக்கு மேலே மயில் தோகையை விரித்தாற்போல் பச்சைக் கொண்டைகள். குலைக்குமேல் குலை, இளநீர், முற்றிய காய், நெற்றுக்காய் என்று தாங்கமாட்டாமல் மட்டைகள் தாழ்ந்திருந்தன. அடியில், பொறுக்குவாரின்றி உதிர்ந்த காய்களெல்லாம் முளைவிட்டு, தென்னம்பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்டாற்போல் நின்றன. ஊர் முழுதும் ஏங்கிக் கிடந்த கன்று இதுதான். இரவெல்லாம் காய் விழும் ஓசையைக் கேட்டவள்தான் அவள். 'பங்காளியின் வயிற்றெரிச்சல் விழுகிறது' என்று திரும்பிப் படுத்தவள்.

சத்தம் போட்ட மரங்களை ஆணையம் வெட்டிற்று. சத்தம் போட்ட மனிதனைத் தானே வெட்டினோம் என்னும் நினைவு அவள் நெஞ்சில் கோடரியாய் இறங்கிற்று.

"நான் கையெழுத்துப் போடலைன்னா நிக்குமா?" என்று கேட்டாள்.

"நீங்க மட்டும் போடலைன்னா பத்தாது. அவர் எனக்கு வேண்டாம்னு விட்டுக் கொடுத்துட்டா, எதிர்க்க ஆள் இல்லாம வழக்கே முடிஞ்சிடும். உத்தரவும் போயிடும். வழக்குக்கு ரெண்டு பேர் வேணும்க்கா. ரெண்டு வருசம் நின்னாப் போதும், நான் காய்ப்பைப் பதிவு பண்ணி யாரும் மறுக்க முடியாதபடி நிரூபிச்சிடுவேன்."

சிந்துஜா சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். கன்றுகளை மிதிக்காமல் விலக்கிக்கொண்டு வரப்பைத் தாண்டினாள். மெஹருன்னிஸா பின்தொடர்ந்தாள்.

ஜெகதீசன் தன் தோட்டத்துச் சாளை வீட்டின் முன்னே கயிற்றுக் கட்டிலில் அமர்ந்திருந்தார். அறுபதை நெருங்கிய, நெஞ்சில் அறுவைத் தழும்பு உள்ள மனிதர். அவருடைய தோப்பில் மரமே இல்லை என்று சொல்லிவிடலாம். வரப்பிலிருந்து இறங்கி வருபவளைக் கண்டதும் எழுந்து, இருபது ஆண்டுகளாய்ச் சொல்லாத சொல் தானாய் வாயில் வர, "வா அம்மிணி" என்றார்.

"யாரைக் கேட்டு விட்டுக் குடுத்தீங்க?"

அவர் திகைத்தார். "ஏன் அம்மிணி, நீ கேட்டதுதானே? போற காலத்துல பகையைக் கட்டிக்கிட்டுப் போகவேண்டாம்னுதான்..."

"இருவது வருசமாக் கேட்டேன். அப்பெல்லாம் கல்லுப்புள்ளையாராட்ட இருந்துட்டு, குடுக்கக் கூடாத அன்னிக்குப் பார்த்துக் குடுக்கறீங்களே, உங்க நல்ல மனசுல தீயை வெக்க!"

மெஹருன்னிஸா இடைபுகுந்து எடுத்துச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே கட்டிலில் மெல்ல அமர்ந்தார். வரப்பை ஏறிட்டுப் பார்த்தபடி பேசினார்.

"என்ற தோப்பு முச்சூடும் பொட்டு உழுந்துச்சு. ஊருக்கு நல்லதுன்னு நானே முன்னால நின்னு வெட்ட வெச்சேன். வெட்டமாட்டேன்னவங்க ஊட்டுக்கெல்லாம் போயிப் புத்தி சொன்னேன். உன்ற ஊட்டுக்காரரைப் போலீசு புடிச்சப்பக் கூட, வேணும், நல்லா வேணும்னேன்." எழுந்தார். கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினார். "அந்த ஆபீசரு எங்க இருக்கறான்?"

"வெச்சிட்டு வாங்க அதை! அருவாளை எடுத்தா நீங்க செயிலுக்குப் போவீங்க, அவங்க மரத்தை வெட்டிட்டுப் போவாங்க. நாம சண்டைதான் போடோணும். நமக்குள்ள. எல்லார் முன்னாலயும்."

"சண்டையா? எனக்கு நடிக்க வராதே அம்மிணி."

"நடிக்க எதுக்குங்க? இருவது வருசமாப் பண்ணுனதுதானே!"

மதியம் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊரே கூடியிருந்தது. வெளியே சாலையில் மரம் வெட்டும் இயந்திரம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. புதுக் கன்று வரும் என்னும் மகிழ்ச்சியில் யாரோ எல்லாருக்கும் தேநீர் வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மெஹருன்னிஸா கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டு அமர்ந்திருந்தாள். இவர்கள் பேசிவைத்துக்கொண்டது வெளியே தெரிந்தால் வழக்கே பொய் என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே ஊராரிடம் ஒரு சொல்லும் சொல்ல வழியில்லை.

நிஷாந்த் இளைஞர், பணிவானவர். "ஜெகதீசன் ஐயா, வரப்பு மரங்கள் மேல உங்களுக்கு உரிமை வேண்டாம்னு சொல்லியிருக்கீங்க. சரிதானே?"

ஜெகதீசன் எழுந்தார். "அதுங்க... எனக்கு... சம்மதம் இல்லைங்க."

"நேத்துச் சொன்னீங்களே?"

"சொன்னேனுங்க. இப்ப... ஒரு மாதிரியா..." நெற்றி வியர்த்தது. அவருக்குப் பொய் வரவில்லை. இப்படியே இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் உண்மையைக் கொட்டிவிடுவார் என்று சிந்துஜாவுக்குத் தெரிந்தது. அவள் எழுந்தாள், எங்கே குத்தினால் வலிக்குமோ அங்கே குத்தினாள்.

"விட்டுக் குடுக்க இவருகிட்ட என்னங்க இருக்குது? இவங்கப்பன் குடிச்சுத் தீர்த்தது போக மிச்சம் இருந்தாத்தானே குடுக்க!"

ஜெகதீசனின் முகம் சிவந்தது. அது நடிப்பன்று.

"செத்தவங்களை இழுக்காதே! பொட்டப்புள்ளைக்கு எதுக்குடா நெலம்னு அன்னிக்கு எங்கப்பன் கேட்டாரே, அது சரியாப் போச்சு! ஒரு காய் உருப்படியா இருக்குதா உன்ற தோப்புல?"

"உங்க தோப்புல மரமே இல்லை, எனக்குக் காய்க் கணக்குச் சொல்ல வந்துட்டாரு! எங்கப்பன், உங்க சித்தப்பன், செத்தப்ப எட்டிப் பார்க்காத மனுசன்தானே நீங்க?"

"யாருடி சொன்னது?" மேசையை அறைந்தார். நிஷாந்தின் தேநீர் கவிழ்ந்தது. "எங்க சித்தப்பன் கெடந்த அன்னிக்கு, எடுக்கற வரைக்கும் அந்த வரப்புலயே நின்னேன். வாங்கண்ணான்னு ஒரு வார்த்தை சொல்லி ஒருத்தர் கூப்புடலை! என்னையத் தோள்ல வெச்சுக் கோயில் நோம்பிக்குக் கூட்டிட்டுப் போன மனுசனுங்க அவரு. கொள்ளி வெக்க ஆம்பளைப் புள்ளை இல்லைன்னு யாரையோ புடிச்சு வெக்கச் சொன்னீங்க. நான் அங்கதான் நின்னேன்!"

அவர் நின்றது மெய். சிந்துஜா பார்த்திருந்தாள். வரப்பில் மரத்தில் சாய்ந்தபடி, மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவரை அன்று தன் கண்ணாலேயே பார்த்தும், கூப்பிடாமல் உள்ளே போனவள் அவள்.

இப்போது அழுதுவிடலாம். அழுதால் அவரும் அழுவார். ஊர் இருவரையும் சேர்த்துவைத்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். வெளியே இயந்திரம் கிளம்பும்.

கண்ணீரை விழுங்கினாள். விழுங்கியது நெருப்பாய்த் திரும்பி வந்தது.

"நின்னீங்க! என்ற மரத்துல சாஞ்சுட்டுத்தானே நின்னீங்க? யாரைக் கேட்டுச் சாஞ்சீங்க?"

ஒரு கணம் எவருக்கும் விளங்கவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ சிரித்தார்; சிரிப்பு பரவிற்று; அதைத் தொடர்ந்து வசவு கிளம்பிற்று. "அட கெரகமே, பொணத்துக்கு முன்னால சாஞ்சதுக்கும் கேஸா?" "இதுக ரெண்டும் உருப்படாது, ஊரையும் உருப்பட விடாது!" "எங்களுக்குக் கன்னு வராமப் போனா உங்க ரெண்டு பேரு ஊட்டுக்கும் நல்லது கெட்டதுக்கு ஒரு நாயி வராது, பார்த்துக்குங்க!"

"சாய்வேன்! அது என்ற மரம்!" என்று ஜெகதீசன் முழங்கினார். "சாகற வரைக்கும் சாய்வேன்! எனக்கப்புறம் என்ற மக சாய்வா!"

"சாஞ்சு பாருங்க! உச்ச நீதிமன்றம் வரைக்கும் போறனா இல்லையா பாருங்க!"

நிஷாந்த் இருவரையும் மாறிமாறிக் கெஞ்சிப் பார்த்தார். பிறகு தேநீர் நனைத்த தாள்களை அள்ளி எடுத்துக்கொண்டு, சமரசம் ஏற்படவில்லை என்று அறிவித்தார். இயந்திரம் உறுமிக்கொண்டு திரும்பிப் போயிற்று. ஊரார் கலையும்போது ஒரு மூதாட்டி சிந்துஜாவின் காலடியில் காறித் துப்பிவிட்டுப் போனாள். அம்மூதாட்டியின் தோப்பில் எட்டு ஆண்டுகளுக்கு முன் பொட்டு விழுந்து வெட்டப்பட்ட மரங்கள் எத்தனை என்பது சிந்துஜாவுக்குத் தெரியும். 'துப்பு தாயே' என்று நினைத்துக்கொண்டாள். 'ஆனால் துப்பவேண்டிய இடம் இதுவன்று. அந்த இடத்தை உனக்குக் காட்டாமல் நான் சாகமாட்டேன்.'

மாலையில் வரப்புக்கு இருபுறமும் இருவர் வந்து நின்றனர். மெஹருன்னிஸா புறப்பட்டுப் போயிருந்தாள், மாதமொருமுறை வந்து காய்ப்பைப் பதிவு செய்துகொள்வதாகச் சொல்லி. சிந்துஜா சற்று முன்புதான் திருப்பூருக்குத் தொலைபேசியில் பேசியிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சபரிநாதன் வாயைத் திறந்தான். அவன் கத்திய கத்தலில் அவள் காதிலிருந்து கருவியை விலக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

மேலிருந்து ஒரு நெற்றுக்காய் அறுந்து, மட்டையில் பட்டு, கன்றுகளின் நடுவே தொப்பென்று விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். கை கொள்ளாத கனம். காதோரம் வைத்து ஆட்டினாள், உள்ளே நீர் தளும்பிற்று.

"அது வழக்குக் காய், அம்மிணி" என்றார் ஜெகதீசன். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்கள் மட்டும் கலங்கியிருந்தன. "தொட்டீன்னா கேஸ் போடுவேன்."

"போடுங்கண்ணா" என்றாள் சிந்துஜா. "நல்லாப் போடுங்க. நம்ம காலத்துல முடியவே கூடாது."